மூன்றாம் வரிசைக் குடை

அந்த ஆண்டு ஓரகத்தியைத் தலைமுழுகிவிடுவது என்று நோர்மா முடிவு செய்தாள். இருபத்திரண்டு ஆகஸ்ட் மாதங்கள் பொறுத்தாகிவிட்டது. மொடேனாவிலிருந்து போர்ட்டோ கியாராவுக்கு வந்து இறங்கினால் அதே ஐரிஸ் விடுதி, அதே சுவரோர மேஜை, கடற்கரையில் பக்கத்துப் பக்கத்துக் குடை. எதிரே லொரெட்டா, கணவர் டினோவின் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு ஆண்டாகியும் அவள் வருவது மட்டும் நிற்கவில்லை.

லொரெட்டா பாஸ்தாவைக் கத்தியால் நறுக்கித் தின்பாள். பல்செட் கட்டிய டினோகூட முள்கரண்டியில் சுற்றித்தான் சாப்பிடுகிறார், சாறு சட்டையில் வழிந்தாலும். அறுபத்தாறு வயதுப் பொம்பளை கைக்குழந்தைக்கு நறுக்குவதுபோலத் தனக்கே நறுக்கிக்கொள்வதை நோர்மா வேறெங்கும் கண்டதில்லை. கண்டதை எந்த நாளும் வாய்விட்டுச் சொல்லாமல் விட்டதுமில்லை. அது போதாதென்று பித்தப்பையில் கல் எடுத்த கதை வேறு. முதல் ஆண்டு அந்தக் கல் பட்டாணி அளவு இருந்தது. போன ஆண்டு அது வாதுமைக்கொட்டை ஆகிவிட்டது. ஒரே ஒரு ஆகஸ்டில், பதினைந்தே நாள், நிம்மதியாக சூப் குடிக்க வேண்டும். நோர்மா கேட்டது அவ்வளவுதான்.

மார்ச் மாதம் போன் போட்டு, டாக்டர் டினோவுக்கு மலைக்காற்றுதான் நல்லது என்று சொல்லிவிட்டதாக அளந்துவிட்டாள். லொரெட்டா, நல்லது, போய்வாருங்கள் என்றாளே தவிர ஒரு வார்த்தை வருத்தப்படவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நோர்மா போனை வைத்தாள்.

ஆனால் கடலை முழுசாக அவளுக்கு விட்டுக்கொடுக்க நோர்மா என்ன சாமியாரா? போர்ட்டோ கியாரா நீளமான ஊர். ஐரிஸ் வடகோடியில் இருக்கிறது. தென்கோடியில் இடம் பிடித்தால் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலே பதினைந்து நாளை ஓட்டிவிடலாம். ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டினோவைக் கார் ஓட்டச் சொல்லிப் புறப்பட்டாள்.

முதலில் பார்த்தது ‘பெல்வெதெரே’. எல்லா அறையிலிருந்தும் கடல் தெரியும் என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடிக் குளியலறையில் கழுவுதொட்டியின் மேல் ஏறி நின்று கழுத்தை நீட்டினால் உண்மையாகவே தெரிந்தது, ஒரு கைக்குட்டை அளவு. கடல் பார்க்க வருகிறவர்களுக்கு இங்கே ஏணியும் தருவீர்களா என்று நோர்மா விசாரித்தாள். உரிமையாளருக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்தது ‘பாரதீசோ’. அங்கே நோர்மா அறைப்பக்கமே போகவில்லை. நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்து அலமாரியைப் பார்த்தாள். ஈஸ்டர் விருந்தாளிகள் பாதி குடித்து மூடிவைத்த ஒயின் புட்டிகள் வரிசையாக நின்றன. ஒன்றிலும் அறை எண் ஒட்டவில்லை. என் புட்டி எது, அடுத்தவன் புட்டி எது என்று தெரியாத வீட்டில் எதை எதில் ஊற்றுவார்களோ என்று சமையல்காரிக்குக் கேட்கும்படியே சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

‘அல்பாத்ரோஸ்’ தென்கோடியில் இருந்தது. படுக்கை விரிப்பு இஸ்திரி போட்டிருந்தது. புட்டிகளில் எண் இருந்தது. படிக்கட்டு பன்னிரண்டே படி. சமையலறையில் புதிய தக்காளி வாசனை. குறை கண்டுபிடிக்க முடியாமல் நோர்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. டினோ எதையோ கேட்க வாயெடுத்தார். இந்த விஷயத்தில் உங்களுக்கு என்ன தெரியும் என்று அவரை அடக்கிவிட்டு, ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்கு அறையைப் பேசி முடித்தாள்.

ஆகஸ்ட் முதல் தேதி காலை கடற்கரைக்கு இறங்கினார்கள். அந்த ஊரில் கடற்கரையை எண் போட்ட துறைகளாகப் பிரித்துக் குடை வாடகைக்கு விடுவார்கள். விடுதி ஏற்பாடு செய்திருந்தது முப்பத்தோராம் துறை. அங்கே குடை நட்டு, நாற்காலி போட்டு, கடலில் மூழ்குகிறவனையும் பார்த்துக்கொள்கிறவர் எர்மெஸ். மூன்றாம் வரிசையில் பதினாலாம் குடையைக் காட்டினார்.

பக்கத்துக் குடையில் யார் என்று நோர்மா கேட்டாள். பதினைந்து நாள் யார் மூச்சுக்காற்றைச் சுவாசிக்கப் போகிறோம் என்று தெரிய வேண்டாமா?

"தங்கமான அம்மா, சின்யோரா. சத்தமே வராது. சொந்தக்காரி ஒருத்தியோட வாய்க்குப் பயந்து இந்தப் பக்கம் ஓடி வந்தவங்க. போன ஆகஸ்ட்ல ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே இந்தக் குடையைப் பேசி, முழுப் பணமும் கட்டிட்டுத்தான் போனாங்க."

முகம் தெரியாத அந்தப் பெண்மேல் நோர்மாவுக்குப் பாசம் பொங்கியது. பாவம், அவளுக்கும் ஒரு லொரெட்டா வாய்த்திருக்கிறாள்.

"எனக்கும் அப்படி ஒருத்தி இருக்கா" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் நல்லா ஒத்துப்போவோம். அவங்களும் அல்பாத்ரோஸா?"

"இல்ல, ஐரிஸ். அந்த முழங்காலை வச்சுக்கிட்டு ஒரு வாரமா தினம் இருபது நிமிஷம் மணல்ல நடந்து வர்றாங்க. ஐரிஸ்காரங்களுக்கு வடக்கே வேற துறை இருக்கு. ஆனா அங்க அந்தச் சொந்தக்காரி உக்காருவாளாம். இருபத்திரண்டு வருஷமா ஒரு வாய் சோறு நிம்மதியா இறங்கலைன்னாங்க."

நோர்மா டினோவைத் திரும்பிப் பார்த்தாள். டினோ கடலைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் கேக்க வந்தது அதைத்தான்" என்றார். "எந்தத் துறை, பக்கத்துக் குடையில யாருன்னு."

போர்ட்டோ கியாராவில் நேற்று வந்தவன்கூட அறை எடுக்கும்போது முதலில் கேட்கிற கேள்வி அது. விரிப்பையும் புட்டியையும் படியையும் எண்ணிப் பார்த்த நோர்மா அதை மட்டும் கேட்கவில்லை. வேறு குடை கிடைக்குமா என்று எர்மெஸிடம் கேட்டாள். ஒன்பதாம் வரிசையில், கழிவறைச் சுவரை ஒட்டி ஒன்று காலியாக இருந்தது.

அதற்குள் தண்ணீரோரமாகச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு லொரெட்டா வந்துசேர்ந்தாள். பையை வைத்தாள். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகுதான் பக்கத்தில் இருப்பது யாரென்று பார்த்தாள். 

"மலைக்காத்து எப்படி இருக்கு, நோர்மா?"

நோர்மா துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மூக்கறுபட்டது, அதுவும் எர்மெஸ் முன்னால் என்பதுதான் வலித்தது.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் உன் வாய் மூடியிருக்கு" என்றாள் லொரெட்டா. குரலை உயர்த்தவில்லை. "இப்படியே இருக்கறதா இருந்தா உக்காரு, எனக்கு ஒண்ணுமில்ல. முடியாதுன்னா ஒன்பதாம் வரிசைக்குப் போ."

நோர்மா உட்கார்ந்தாள். காலை முழுவதும் அவள் கண்ணெதிரே என்னென்னவோ போயின. தொப்பையில் சங்கிலி தொங்கவிட்டவன் போனான், நாய்க்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியவள் போனாள். ஒவ்வொன்றுக்கும் நாக்கின் நுனிவரை ஒரு வார்த்தை வந்தது. ஒவ்வொன்றையும் விழுங்கினாள்.

மதியம் லொரெட்டா டப்பாவைத் திறந்தாள். ஆறிய ஸ்பகெட்டி. வழக்கம்போல அளவுக்கு மேலேயே கொண்டுவந்திருந்தாள். ஒரு தட்டில் டினோவுக்கு வைத்துக் கொடுத்தாள். பிறகு பையிலிருந்து கத்தியை எடுத்து, நோர்மாவின் முகத்தைப் பார்த்தபடியே, நிதானமாக நறுக்க ஆரம்பித்தாள். நோர்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

டினோ முள்கரண்டியில் ஒருமுறை சுற்றினார். அவிழ்ந்து விழுந்தது. மனைவியைப் பார்த்தார். அவள் வாய் மூடியே இருந்தது.

"அண்ணி" என்றார், "அந்தக் கத்தியை இப்படிக் குடுங்க."