சுடாத கை

அந்த பேக்கரியில் அடுப்பிலிருந்து தட்டை வெளியே இழுக்க எல்லோருக்கும் மடித்த சாக்குத்துணி வேண்டும். அவனுக்கு மட்டும் வேண்டாம். கொதிக்கும் தகரத் தட்டை வெறுங்கையால் பிடித்து, அலமாரியிலிருந்து புத்தகம் எடுப்பவனைப் போல நிதானமாக எடுத்து மேசையில் வைப்பான். அவனுக்குக் கல்லுக்கை என்று பெயர். புது வாடிக்கையாளர் யாராவது வந்தால் முதலாளி ரொட்டியைக் காட்டுவதற்கு முன் அவனைத்தான் காட்டுவார்.

அடுப்படி ஆட்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. கை சூட்டுக்குப் பழகும்; பழகிய கை சுடாது; சுட்டால் நீ இன்னும் கற்றுக்குட்டி. அதனால் அவன் விரல்களில் இருந்த தழும்புகளை யாரும் புண்ணின் மிச்சமாகப் பார்க்கவில்லை, பதக்கமாகப் பார்த்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். வீட்டில் பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கி வைத்துவிட்டு, பெண்டாட்டி கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்ப்பான்.

அவள் கவனிக்கவே மாட்டாள். அதே பேக்கரியில் ரொட்டியைத் தாளில் சுற்றிக் கட்டும் மேசை அவளுடையது. நாள் முழுக்க அந்த வித்தையைப் பார்த்துச் சலித்தவள், வீட்டிலும் கை தட்டுவாளா?

ஒரு நாள் காலையில் கருகல் வாடை வந்தது. மாவு பிசைகிறவர் ஓடிப்போய் அடுப்பைத் திறந்து பார்த்தார். ரொட்டி பொன்னாகத்தான் இருந்தது. அடியில் பார்த்தார், மேல் தட்டில் பார்த்தார். ஒன்றும் கருகவில்லை. அடுப்பு வாயின் இரும்புச் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு கல்லுக்கை யாரையோ கேலி செய்து கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஏங்க," என்றாள் அவள். "கையை எடுங்க."

"இரு, கதை முடியட்டும்."

"கதை இருக்கட்டும். உங்க சுண்டுவிரல் வேகுது!"

எடுத்துப் பார்த்தான். விரலின் தோலில் பாதி இரும்பிலேயே தங்கிவிட்டது. அவன் சிரித்தான். "பாத்தீங்களாடா? ஒரு எறும்பு கடிச்ச மாதிரி கூட இல்ல!"

மற்றவர்களும் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விரல் வெந்தாலும் துள்ளாதது வித்தையா? எருமை மாடு கூடத் துள்ளுமே.

தோல் டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போவதற்கு அவள் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது. "அந்தம்மா இந்த மாதிரிக் கையைப் பாத்ததே இல்லையாம்." புதுச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான்.

டாக்டர் ஒரு பஞ்சைத் திரித்து நுனியாக்கினார். "கண்ணை மூடுங்க. நான் தொடுற இடத்தைக் காட்டுங்க."

சுண்டுவிரலில் தொட்டார். அவன் பேசாமல் இருந்தான். எங்கும் தொடாமல் சும்மா இருந்தார். "இதோ, இங்க!" என்றான் அவன். பள்ளிக்கூடத்திலும் இவன் இப்படித்தான் பாஸ் பண்ணியிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் புருஷன் தோற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை. அடுத்த முறை பஞ்சு பட்டபோது லேசாக இருமினாள்.

"இந்த இடம்!" என்றான் அவன் உடனே.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு இருமல் இருந்தா அதையும் பாத்துடலாம்மா. முதல்ல இவரை முடிச்சுக்கிறேன்."

அப்புறம் சட்டையைக் கழற்றச் சொல்லி, முதுகிலிருந்த வெளிறிய படையைப் பஞ்சால் தடவினார். அதை அவள் வெகுநாளாகத் தேமல் என்று நினைத்து வந்தாள். முழங்கையின் உள்பக்கம் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது.

"தொழுநோய்," என்றார்.

நாற்காலி கிறீச்சிட்டது. அவன்தான் பின்னால் நகர்ந்தான், நோய் டாக்டரிடம் இருப்பதைப் போல.

"பாவமும் இல்ல, சாபமும் இல்ல. ஒரு கிருமி. ரொம்பச் சோம்பேறிக் கிருமி. உள்ள போய் வருஷக்கணக்கா உக்காந்திருந்துட்டு மெதுவா நரம்பைப் பிடிக்கும். மருந்து எடுக்காத ஒருத்தர்கூட ரொம்ப நாள் நெருங்கிப் பழகினா, அவர் மூச்சுல வரும். அப்பவும் முக்காவாசிப் பேரை அது ஒண்ணும் பண்ணாது. உங்களை மாதிரி சிலர்தான் அதுக்கு இடம் குடுத்து உக்கார வைப்பீங்க."

"விரல் உதிர்ந்துடுமா?" அவள்தான் கேட்டாள்.

"விரல் தானா உதிராதும்மா. வலி தெரியாம சுட்டுக்குவார், வெட்டிக்குவார், புண்ணோட வேலை செய்வார். இவரே தேய்ச்சுத் தீர்த்துடுவார். மாத்திரை கிருமியைக் கொன்னுடும். ஒரு வருஷம் விடாம சாப்பிடணும். ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அடுத்தவங்களுக்குப் பரவுறதும் நின்னுடும். ஆனா செத்த உணர்ச்சி திரும்பும்னு என்னால சொல்ல முடியாது. இனிமே கைக்குத் தெரியாததைக் கண்ணுதான் பாக்கணும். கையுறை இல்லாம அடுப்புப் பக்கம் போகக் கூடாது."

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "அப்போ எனக்குக் கை பழகலையா?" என்றான்.

நோய் வந்ததைவிட அதுதான் அவனை அடித்தது.

முதல் மாத்திரை சாப்பிட்ட அன்று கழிவறையிலிருந்து ஒரு அலறல். சிறுநீர் சிவப்பாகப் போகும் என்று டாக்டர் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை. சில மாதங்களில் மருந்து அவன் நிறத்தையும் கறுக்க வைத்தது. "கரி பிடிச்ச தட்டு மாதிரி ஆயிட்டீங்க," என்றாள். "முன்னாடி மட்டும் நிலா மாதிரி இருந்தேனாக்கும்," என்றான். பல வருஷம் கழித்து அவன் போனது நெஞ்சு வலியில். அந்தக் கிருமி அதற்கு வெகுகாலம் முன்பே செத்து ஒழிந்திருந்தது. அதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் கடைசிவரை அவன் மூக்கு விழுமா என்று காத்திருப்பார்கள்.

அவனுடைய அக்கா செய்தி கேட்டு வந்தாள். வாசற்படி தாண்டவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "எங்க வம்சத்துல இப்படி ஒரு பாவம் யாரும் பண்ணலையே," என்றாள்.

"நல்லதாப் போச்சு வந்தீங்க அண்ணி," என்றாள் இவள். "கூட இருந்தவங்க எல்லாரையும் பாக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. என்னைப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. நீங்க நாளைக்கு வந்து முதுகைக் காட்டிடுங்க."

அண்ணி போன வேகத்தில் ஒரு செருப்பு மட்டும் வாசலில் தங்கிவிட்டது.

ஆனால் அண்ணியைச் சமாளிப்பது எளிது. முதலாளியைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. இருவரும் போய் விஷயத்தைச் சொன்னபோது அவர் கத்தவில்லை, துரத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகப் பேசினார்.

"வியாதி எனக்குப் பெருசில்லப்பா. ஊர் வாய்தான் பெருசு. நேத்து வரைக்கும் வெறுங்கையால எடுத்தவன் இன்னைக்குக் கையுறை மாட்டினா, ஏன்னு ஒருத்தன் கேப்பான். கேட்டா கடை போச்சு. அதனால நீ பாட்டுக்கு மாத்திரையைச் சாப்பிடு. தட்டைப் பழையபடியே எடு."

"அதானே!" என்றான் கல்லுக்கை. முகத்தில் அத்தனை வெளிச்சம்.

"அதானேவா? ரெண்டு பேருக்கும் சூடு சொரணை இருக்கா?" என்றாள் அவள். "கையில இல்ல, சரி. மண்டையிலயுமா?"

மாவு மூட்டைத் துணியை நாலாக மடித்து, நடுவே பழைய கம்பளியை வைத்து அவளே ஒரு ஜோடி கையுறை தைத்தாள். பார்க்கச் சகிக்காது. கரடிக்குட்டியின் பாதம் மாதிரி இருந்தது. "இதைப் போட்டா எவன் என்னை மதிப்பான்?" என்று அவன் அதை மேசைக்கு அடியில் தள்ளினான். அவள் எடுத்துத் தன் மேசைமேல் வைத்தாள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் ஜன்னல் பக்கம் கூட்டிப்போய் அவன் விரல்களைப் பிரித்துப் பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கொப்புளம் இருக்கும். மோதிரவிரல் உள்நோக்கி மடங்கத் தொடங்கியிருந்தது. இப்படியே போனால் அடுத்த வருஷம் பிடித்துப் பார்க்க விரல் இருக்குமா?

கடையில் கூட்டம் மிகுந்த ஒரு காலை. எதிர்க்கடைத் தையற்காரர் தன் மச்சானோடு வந்தார். "கல்லுக்கை! நம்ம மச்சான் நம்ப மாட்டேங்கிறார். ஒரு தட்டு எடுத்துக் காட்டு!"

முதலாளி தலையசைத்தார். கல்லுக்கை விரல்களை உதறிக்கொண்டு அடுப்புக் கதவைத் திறந்தான்.

அவள் ரொட்டியைக் கட்டிக்கொண்டே, பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னாள்: "அது வித்தை இல்லண்ணே. தொழுநோய். கை மரத்துப் போச்சு. மாத்திரை சாப்பிடுறாரு, யாருக்கும் ஒட்டாது. உங்களுக்கு எத்தனை ரொட்டி?"

ஒரு அம்மாள் கையிலிருந்த பன்னைப் பாம்பை வைப்பதுபோல மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியேறினாள். அவள் பின்னால் இன்னும் சிலர் போனார்கள்.

"அடிப்பாவி! கடையை முடிச்சுட்டியே!" என்று முதலாளி தலையில் கை வைத்தார்.

கல்லுக்கை அவளைப் பார்த்த பார்வையில் கொலை இருந்தது. "என் மானத்தைக் கப்பலேத்திட்டியேடீ."

"ஏத்தினேன். மறைக்கிறதுக்கு இனி ஒண்ணும் இல்ல. எந்தக் கையால எடுக்கணுமோ எடுங்க."

யாரும் அசையவில்லை. திறந்த அடுப்புக்குள் ரொட்டி சிவந்தது, பழுத்தது, ஓரங்களில் கறுக்க ஆரம்பித்தது. மாவு பிசைகிறவர் சாக்குத்துணியைத் தேடி எடுத்துக்கொண்டு அடுப்பை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார்.

"என் அடுப்பைத் தொடாதே!" என்றான் கல்லுக்கை. அடுப்பைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பிறகு அவள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினான். "அந்தச் சனியனைக் குடு."

கொடுத்தாள்.

"வலதை இடதுல மாட்டியிருக்கீங்க."

"தெரியும். வாயை மூடு."

மாற்றி மாட்டினான். தட்டை வெளியே இழுத்தான். இழுத்ததை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அடுத்த தட்டுக்குக் குனிந்தான்.

மச்சான் தையற்காரரின் சட்டையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தான். அவர் கையை உதறிவிட்டுத் தட்டின் அருகே வந்தார்.

"ஓரத்துல இருக்கிறது கருகியிருக்கு," என்றார். "நடுவுல இருந்து ரெண்டு குடும்மா."