காது திறக்கிற பழக்கம்

விஷ்ணுப்ரியாவுக்குச் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அங்கிருந்து பஸ் ஏறினால் கடல் கொஞ்ச தூரம்தான் என்றாலும், கணுக்காலுக்கு மேல் அவள் கால் கடலில் நனைந்ததில்லை. கரையில் நின்று தலையில் இரண்டு சொட்டுத் தெளித்துக்கொண்டு திரும்பிவிடுகிற குடும்பம். அப்படிப்பட்டவள் வாய், தாடை அறுவைச் சிகிச்சை படித்துவிட்டுத் தூத்துக்குடியில் கிளினிக் போட்டாள். நாற்காலியில் வந்து சாய்கிறவர்களில் பாதிப் பேர் உப்புத்தண்ணீரில் பிழைப்பவர்கள். பெர்சி அவர்களில் ஒருவன்.

பெர்சி திரேஸ்புரத்துச் சங்குக்குளிக்காரன். படகில் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து இறங்கி வருகிற குழாயைப் பல்லால் கடித்தபடி, அதில் வரும் காற்றை இழுத்துக்கொண்டே கடலடியில் சங்கு பொறுக்குவான். பல்லை நம்பிப் பிழைப்பதில் பல் டாக்டருக்கு அடுத்தபடி அவனைத்தான் சொல்ல வேண்டும். அவனுக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, இனி தேறாது என்ற நிலைக்கு வந்தபோது விஷ்ணுப்ரியாதான் பிடுங்கினாள். பல் சமர்த்தாக வெளியே வந்தது. கூடவே மெல்லிய எலும்புச் சில்லு ஒன்றையும் இழுத்துக்கொண்டு வந்தது.

கன்னத்து எலும்புக்குள் மூக்கோடு சேர்ந்த காற்றறை ஒன்று எல்லோருக்கும் உண்டு. சைனஸ் என்றால் ஊருக்கே தெரியும். சிலருக்குக் கடைவாய்ப் பல்லின் வேர் அந்த அறையின் தரையை முட்டிக்கொண்டு நிற்கும். பெர்சிக்கு அப்படி. பல் போன இடத்தில் வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே ஓட்டை விழுந்துவிட்டது. யார் பிடுங்கியிருந்தாலும் விழுந்திருக்கும். எக்ஸ்ரேயைக் காட்டி அவள் முன்கூட்டியே சொல்லியும் இருந்தாள். ஆனாலும் அன்று சாயங்காலம் குடித்த டீ மூக்கு வழியாக ஒழுகியபோது, பெர்சியும் அவன் மனைவி ஜெனிலாவும் அரண்டுபோய் ஆட்டோ பிடித்து ஓடி வந்தார்கள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறந்து, மெதுவா ஊதுங்க" என்றாள் விஷ்ணுப்ரியா. ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அதுதான் வழி. மூக்குக்குப் போகிற காற்று வேறு போக்கிடம் இல்லாமல் ஓட்டை வழியாக வாய்க்குள் வரும். அங்கே பிடித்திருக்கும் சின்னக் கண்ணாடியில் ஆவி படியும். கண்ணாடி சட்டென்று மங்கிப்போனது.

"டீ மூக்குல வந்தாலும் போவுது மேடம்" என்றான் பெர்சி. "இதோட கடல்ல எறங்கலாமா, அதச் சொல்லுங்க."

"கூடவே கூடாது. கீழே போகப் போக அழுத்தம் ஏறும். உப்புத்தண்ணி உள்ளே புகுந்து சீழ் வச்சிரும். மூடினப்புறம்தான் கடல்."

மூடினாள். பக்கத்து ஈறை இழுத்து ஓட்டையின் மேல் போர்த்தித் தைத்தாள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சக் கூடாது, கடல் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினாள். பெர்சி நல்ல பிள்ளையாகத் தலையாட்டினான். தையல் பிரிக்க வந்தபோது ஓட்டை பழையபடி திறந்திருந்தது.

இரண்டாவது தடவை, கன்னத்துக்குள் இருக்கிற கொழுப்பை இழுத்து அடைத்தாள். அது லேசில் ஏமாற்றாத முறை. ஏமாற்றாது என்ற நம்பிக்கையில் மதுரையில் நடக்கவிருந்த பல் அறுவை மருத்துவர் மாநாட்டுக்குப் பெர்சியின் கேஸையே கட்டுரையாக எழுதி அனுப்பிவிட்டாள். கடலில் மூழ்கித் தொழில் செய்பவரின் சைனஸ் ஓட்டையும் அதை மூடிய விதமும் என்பது தலைப்பு. கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் பெர்சி வாயைத் திறந்தபோது, ஓட்டையும் திறந்திருந்தது.

விஷ்ணுப்ரியாவுக்கு முகம் செத்துவிட்டது. இனி மிச்சம் இருப்பது மேலண்ணத்துச் சதை ஒன்றுதான். அதைத் திருப்பி மூடி, அதுவும் பிரிந்தால் பெர்சி கடலை மறந்துவிட வேண்டியதுதான். காற்று அடங்கித் தண்ணீர் தெளிகிற பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவனுடைய படகுக்காரர்கள் கம்ப்ரசரைப் பழுதுபார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"கடல்காரங்க சும்மா இருப்பாங்களா டாக்டர்" என்றாள் பேச்சிச்செல்வி. ஆறுமுகநேரியிலிருந்து தினமும் வந்து போகிற உதவியாளர். கருவிகளைக் கழுவிக்கொண்டே ஊர் நியாயம் முழுக்கப் பேசுவாள். "எங்க அளத்துல உப்பு வாருதவங்களுக்குக் காலு வெடிச்சிக் கெடக்கும். தண்ணிக்குள்ள நிக்காதீங்கன்னு டாக்டர் சொல்லுவாரு. சரி சரின்னுட்டு மறுநா அங்கனயே நிப்பாங்க. இவரு கண்ணப் பாத்தீங்களா, செவந்து கெடக்கு. எறங்குதாரு."

விஷ்ணுப்ரியாவும் கண்ணைக் கவனித்திருந்தாள். அன்று சாயங்காலம் மாநாட்டுக்கான படங்களை அடுக்கும்போது, தோல்விக்குக் காரணம் என்ற இடத்தில், நோயாளி அறிவுரையை மீறிக் கடலில் இறங்கியிருக்கலாம் என்று கம்ப்யூட்டரில் அடித்தாள். இருக்கலாம் என்ற சொல் கொஞ்சம் உறுத்தியது. அதற்காக அதை மாற்றவில்லை. தன்னிடம் ஒருவன் பொய் சொல்லுகிறான் என்பது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பொய் சொல்லுகிறவன் அவ்வளவு பணிவாகத் தலையாட்டியது அதைவிட எரிச்சல்.

மறுநாள் இருவரையும் வரச் சொன்னாள்.

"பெர்சி, ஒளிக்காம சொல்லுங்க. கடல்ல இறங்கினீங்களா?"

"இல்ல மேடம்."

"இறங்கியிருந்தா சொல்லிருங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்." அப்போதே அவள் கோபமாகத்தான் இருந்தாள்.

"மாதா மேல சத்தியமா எறங்கல."

"எறங்கல மேடம்" என்றாள் ஜெனிலா. "விடிஞ்சா கரையில போயி உக்காந்துக்கிடுதாவ. வெயில்ல கடலையே பாத்துக்கிட்டு இருக்கத பாத்தா எனக்கே ஒரு மாதிரி இருக்கு. கண்ணு செவக்காம என்ன செய்யும்."

"அப்புறம் எப்படித் திறக்கும்? நான் தெச்சது சரியில்லையா?"

கேட்ட பிறகுதான் அதில் இருந்த ரோஷம் அவளுக்கே கேட்டது. பெர்சி தரையைப் பார்த்தான். "நான் அப்பிடிச் சொல்லுவனா மேடம்" என்றான், கேட்டும் கேட்காமலும்.

பேசிப் பயனில்லை, சோதித்துவிடலாம் என்று அவனை நாற்காலியில் சாயச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை எடுக்கத் திரும்பினாள். மூக்கைப் பிடியுங்கள் என்று அவள் வாயெடுக்கும் முன்பே அவன் பிடித்திருந்தான். தலையை ஒருபக்கம் கொஞ்சம் சாய்த்து, தாடையை இம்மி முன்னால் தள்ளி, ஒரு சின்ன ஊதல். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. வாய்க்குள்ளிருந்து மெல்லிய விசில் சத்தம் வந்தது.

விஷ்ணுப்ரியா கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மற்ற நோயாளிகளிடம் இதைச் செய்யச் சொன்னால் கன்னத்தை உப்பவைத்து, முகம் சிவந்து, கடைசியில் சிரித்துவிடுவார்கள். இவன் செய்தது பூக்கட்டுகிறவள் முடிச்சுப் போடுகிற மாதிரி இருந்தது. முதல் நாளும் இப்படித்தான் செய்தான். அன்றைக்கு அவள் கண்ணாடியைத்தான் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

"இதை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"இதா? காது தொறக்கதுக்கு மேடம்." அவள் புரியாமல் பார்ப்பது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. "கீழ எறங்கையில காது ரெண்டும் கப்புனு அடைக்கும்லா. மூக்கப் புடிச்சி ஊதுனா தொறந்துக்கிடும். தொறக்காம எறங்குனா உயிரு போவும் வலி."

"சரி. கரையில எதுக்குச் செய்றீங்க?"

"காலையில எந்திரிச்சதும் ஊதிப் பாப்போம். தொறந்துச்சின்னா தொழிலுக்குப் போலாம். சளி புடிச்சிருந்தா தொறக்காது, அன்னைக்கிப் போவக் கூடாது. சங்குக்குளிக்காரன் எல்லாவனும் செய்யுததுதான்."

"இப்பவும் செய்றீங்களா? தையல் போட்டப்புறமும்?"

அவன் யோசித்தான். "செய்யுதனா, இல்லியான்னு தெரியல மேடம்."

"காலையில மட்டுமா செய்யுதாவ" என்று ஜெனிலா புகுந்தாள். "டிவி பாக்கையில ஊதுவாவ. கோயில்ல சாமியாரு பிரசங்கம் வைக்கையில ஊதுவாவ. நான்தான் தொடையில கிள்ளுவேன்."

"மூக்கைச் சிந்தக் கூடாதுன்னு சொன்னேனே, பெர்சி."

"சிந்தலயே மேடம். மூக்க இறுக்கிப் புடிச்சிட்டுத்தான ஊதுதேன். ஒரு பொட்டுக் காத்து வெளிய போவாது."

விஷ்ணுப்ரியா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். சிந்தினாலாவது காற்று மூக்கு வழியாக வெளியே போய்த் தொலையும். இறுக்கிப் பிடித்து ஊதினால் அத்தனை காற்றும் அவள் போட்ட தையலைத்தான் போய் இடிக்கும். காலையில் ஒருமுறை, டிவி முன்னால் ஒருமுறை, பிரசங்கத்துக்கு நடுவில் ஒருமுறை.

பெர்சிக்கு இன்னும் ஒன்று சொல்ல இருந்தது. "பொறவு, நீங்களும்தான் வாரப்பெல்லாம் ஊதச் சொல்லுதீங்க. ஆறிட்டான்னு பாக்கதுக்குன்னு சொன்னீங்களா, நான் வீட்டுலயும் அப்பப்ப ஊதிப் பாத்துக்கிட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பேச்சிச்செல்வி பின்னால் நின்று சத்தமாகவே சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் விஷ்ணுப்ரியாவுக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை கூடாதுகளை அடுக்கியிருந்தாள். தண்ணீருக்குள் இந்த ஆள் என்னதான் செய்கிறான் என்று ஒருதடவை கேட்டிருந்தால் போதும்.

"நான் உங்களைச் சந்தேகப்பட்டேன், பெர்சி. தப்புதான்."

"அதுக்கென்ன மேடம். கடல்காரன் கரையில இருந்தேன்னு சொன்னா யாரு நம்புவா."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அவளுக்குத்தான் அது தைத்தது. அன்றைக்கே, கடலில் இறங்கியிருக்கலாம் என்ற அந்த வரியை அழித்துவிட்டு, காது திறக்க ஊதும் பழக்கத்தைப் பற்றி மருத்துவர் கேட்கவில்லை என்று எழுதினாள்.

சைனஸைக் கழுவி, மருந்து கொடுத்து, சீழ் வற்றும்வரை காத்திருந்து, மூன்றாவது அறுவையைச் செய்தாள். மேலண்ணத்துச் சதையை ஒரு நாக்குப்போல வெட்டித் திருப்பி ஓட்டையின் மேல் படுக்கவைத்துத் தைத்தாள். தைத்து முடித்து, பெர்சியின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கை மூக்குப் பக்கம் போகவே கூடாது" என்றாள்.

"கை பாட்டுக்குப் போவுதே மேடம்" என்றான் அவன், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு. அவன் குரலில் பயம் இருந்தது. அதுவரை அவன் பயந்து அவள் பார்த்ததில்லை.

வழி கண்டுபிடித்தது ஜெனிலா. விரல் சூப்புகிற பிள்ளைக்குப் பூசுகிற மாதிரி, அவன் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் வேப்பெண்ணெயைப் பூசிவிட்டாள். கை மூக்கருகே வந்ததும் வாடை குப்பென்று அடிக்கும், நினைப்பு வந்துவிடும். கரை முழுக்க இந்தச் செய்தி பரவியது. "ஏலே பெர்சி, ஒம் பொண்டாட்டி ஒனக்குப் பால் மறக்கடிக்காளாலே" என்று படகுக்காரர்கள் கேட்டார்கள். பருவம் தொடங்கியதும் சும்மா இருக்க மனமில்லாமல், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மேலே உட்கார்ந்து குழாய் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் படகில் போனான். அவனுடைய கூட்டாளி பெவின் தண்ணீரில் இறங்கிய ஒவ்வொரு தடவையும் இவன் கை தானாக எழும்பி, வேப்பெண்ணெய் வாடையில் திரும்பியதாம். அதைச் சொல்லும்போது ஜெனிலாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

தையல் பிரித்த அன்று விஷ்ணுப்ரியா ஊதச் சொல்லவில்லை. அடுத்தமுறை வந்தபோதும் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தாள், விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், போய்வாருங்கள் என்றாள். மதுரைக்குப் போய் வந்தாள். முடிவு என்ன என்று அங்கே ஒருவர் கேட்டதற்கு, இன்னும் தெரியாது என்றாள்.

சதை நன்றாக ஒட்டி, நிறம் மாறி, தொட்டால் கெட்டியாக இருந்த ஒரு காலையில், இனி தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது. "பெர்சி, மூக்கைப் பிடிச்சு ஊதுங்க" என்றாள்.

பெர்சி கையைத் தூக்கவில்லை.

"வேண்டாம் மேடம். நீங்களே பாத்துச் சொல்லிருங்க."

"பார்த்தா தெரியாது. ஊதினாத்தான் தெரியும். மெதுவா, ஒரே ஒரு தடவை."

"தொறந்துட்டுன்னா?"

எத்தனை ஆயிரம் தடவை யோசிக்காமல் செய்திருப்பான். இப்போது அந்தக் கை மடியிலிருந்து எழும்ப மறுத்தது. ஜெனிலா முன்னால் வந்து முந்தானையால் அவன் இரண்டு விரல்களிலும் இருந்த வேப்பெண்ணெயை அழுத்தித் துடைத்தாள். "ஊதுங்க" என்றாள்.

பெர்சி கண்ணை மூடிக்கொண்டான். மூக்கைப் பிடித்தான். தலை கொஞ்சம் சாய்ந்தது. விஷ்ணுப்ரியா கண்ணாடியை வாய்க்குள் வைத்து மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். விசில் இல்லை. கண்ணாடி கழுவிவைத்தபடி பளிச்சென்று இருந்தது.

அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால் பெர்சி கண்ணைத் திறந்தான். கையை எடுத்தான். இரண்டு காதையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு ஜெனிலாவைப் பார்த்தான்.

"தொறந்துட்டுளா" என்றான். "காது தொறந்துட்டு."