முசோண்டாவின் பெயரில் எடுத்த படம்

கிட்வே நகரில் ஒரு தனியார் பள்ளியில் முசோண்டா கணக்கு டீச்சர். நாற்பது தாண்டிய ஆசிரியைகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. முதல் தடவை காய்ச்சல் என்று சொல்லித் தப்பித்தாள். இந்தத் தடவை அது எடுபடவில்லை.

அவளுடைய அம்மா மார்பகப் புற்றுநோயில்தான் போனாள். கட்டி கைக்குத் தட்டுப்பட்ட பிறகு அதிக நாள் இருக்கவில்லை. முசோண்டாவுக்குப் படம் எடுக்கும் மெஷினிடம் பயமில்லை, அது சொல்லப்போகும் சேதியிடம்தான் பயம்.

கணவனின் தங்கை சிலேஷே பஸ் நிலையத்தில் மாவு உருண்டை பொரித்து விற்பவள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே உயரம்.

"எனக்குப் பதிலா நீ போயிட்டு வாயேன், சிலேஷே."

"எப்படி அண்ணி? மாரைக் கழட்டி எங்கிட்டக் குடுத்து அனுப்புவீங்களா?"

"விளையாடாதடி. என் அடையாள கார்டுல இருக்கற போட்டோ பழசு. தலையில துணியைக் கட்டிக்கிட்டுப் போ, யாரும் உத்துப் பாக்க மாட்டாங்க."

"சரி, ஒரு நாள் டீச்சரம்மாவா இருந்து பாக்கறேன். அங்க யாராச்சும் கணக்குக் கேட்டா?"

"வாயை மூடிக்கிட்டு வந்துரு."

சிலேஷே போய்வந்து சிரித்தாள். "மாவு பிசையற மாதிரி அமுக்குது, அண்ணி. கொஞ்ச நேரந்தான். இதுக்கா இப்படி நடுங்குனீங்க?"

சில நாள் கழித்து, பாடவேளைக்கு நடுவே முசோண்டாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இடது பக்கம் இன்னொரு படம் எடுக்க வேண்டும், சீக்கிரம் வாருங்கள் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வகுப்புக்குத் திரும்பினாள். நிறையப் பேரை இப்படித் திரும்பக் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் ஒன்றும் இருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடலாம். ஒரு வாரம் வாய் திறக்கவில்லை. இரண்டாவது போன் வந்தது.

அன்று சாயங்காலம் சிலேஷே வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள்.

"படத்துல ஏதோ தெரியுதாம்," என்றாள் முசோண்டா.

"யாரு படத்துல?"

"உன் படத்துல. எம் பேருல இருக்கற உன் படத்துல."

நிஷிமா என்ற சோளக் களி உருண்டையோடு சிலேஷேயின் கை நின்றது. "எப்பச் சொன்னாங்க?"

"போன வாரம்."

சிலேஷே எழுந்து கையைக் கழுவினாள். "என் உடம்புல இருக்கறதை ஒரு வாரமா நீங்க மறைச்சு வெச்சிருந்தீங்களா, அண்ணி?" சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் புவல்யாவிடம் நடந்ததைச் சொன்னார்கள். அவள் கத்திய கத்தல் வராந்தா முழுக்கக் கேட்டது. "இது என்ன விளையாட்டா? நல்லா இருக்கறவளைக் கத்தியால கீறியிருப்போமே! நோய்க்காரி பாட்டுக்கு எண்ணெய்ச் சட்டி முன்னாடி உக்காந்திருப்பா!"

சிலேஷேயின் மார்பில் ஊசி குத்தி எடுத்த சதையில் புற்றுநோய் இருந்தது. கட்டி அரிசி மணி அளவுதான்.

"தடவிப் பாத்தா இப்போதைக்குக் கையில தெரியாது," என்றார் டாக்டர். "நல்ல நேரத்துல வந்தீங்க."

"நானா வரலை, டாக்டர். அனுப்புனாங்க," என்றாள் சிலேஷே.

முசோண்டா தன் பெயரில் தானே போய்ப் படம் எடுத்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொன்ன பிறகும் வெகுநேரம் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பிறகு தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேலை தப்பியது. மேல் வகுப்புகளை மட்டும் அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

சிலேஷேயின் கட்டியை அறுவை செய்து எடுத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சைக்குத் தலைநகர் லுசாகா போக வேண்டியிருந்தது. முசோண்டா லீவு போட்டுக் கூடவே போனாள். வாடகை அறையில் சமைத்துப்போட்டாள். சிலேஷே தேவைக்கு மட்டும் பேசினாள், அதுவும் சுவரைப் பார்த்து.

சிகிச்சை பாதி முடிந்த சமயம், ஒருநாள் மதியம் சிலேஷே தட்டைத் தள்ளிவைத்தாள்.

"எங்கண்ணன் இத்தனை வருஷமா இந்தக் கீரையையா தின்னுக்கிட்டு இருக்காரு? பாவம் மனுஷன்."

முசோண்டா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சிலேஷேவுக்குத் தெரியவில்லை. தட்டை மறுபடியும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.