தேவானந்தம் சார் வராத மேட்ச்

தேவானந்தம் சாருக்கு ராசி என்ற சொல்லைக் கேட்டாலே மூக்கு சிவந்துவிடும். எங்கள் தாம்பரம் ரயில்வே காலனிக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சில் ஓய்வுநாள் பள்ளி வாத்தியார். பூனை குறுக்கே போனால், அதை இன்னொரு தரம் குறுக்கே விரட்டிவிட்டு நடக்கிற மனுஷன். "வேதத்துல ராகுகாலம் எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்று பஸ்ஸில்கூட வம்புக்கு நிற்பார். அப்படிப்பட்டவருக்குத்தான் அந்தப் பெயர் வந்து ஒட்டியது. ராசியில்லாத ஆள்!

எல்லாம் பூப்பந்தால் வந்த வினை. அறுபத்தொன்பதில் எங்கள் பக்கம் சாயங்காலமானால் பூப்பந்துதான். மஞ்சள் நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை, சுற்றி நின்று கத்த ஊர் பூரா. சாரின் மகன் ஏசுதாசன் காலனி டீமில் சென்டர் ஆடினான். அவன் வெட்டி அடித்தால் எதிராளி குனிவதற்குள் பந்து தரையில் கிடக்கும். சார் ஒரு மேட்ச்கூட விடமாட்டார். கையில் குடையோடு கோட்டோரம் நின்றுகொள்வார். மகன் மட்டையை ஓங்கும்போதெல்லாம் இவர் குடையை ஓங்குவார். பக்கத்தில் நிற்கிறவன் பாடு பேஜார்தான்.

அவர் வந்தால் தோல்வி என்று யார் முதலில் கண்டுபிடித்தார்களோ தெரியாது. பல்லாவரத்தில் தோற்றோம், குடையோடு நின்றிருந்தார். கிண்டியில் தோற்றோம், அங்கேயும் குடை. ஒரு தரம் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. அன்றைக்கு டீம் ஊதித் தள்ளிவிட்டது. போதாதா நம் ஜனங்களுக்கு?

எங்கள் காலனியிலேயே கிண்டி டீமோடு ஃபைனல் என்று முடிவானது. முதல் நாள் கேப்டன் ஜெயவேலு, தேவானந்தம் சார் வீட்டுக்குப் போனான். ரயில்வே கேரேஜ் ஷெட்டில் ஃபிட்டர் அவன். கூடவே ஏசுதாசனும் வந்து சுவரோரம் நின்றான்.

"சார், தப்பா எட்த்துக்காதீங்க. நாளிக்கு நீங்க வூட்லயே இருந்தீங்கன்னா நல்லாருக்கும்."

"ஏன்?"

"பசங்க என்னென்னமோ சொல்லிகினு கீறானுங்க சார். நீங்க வந்தா டீமு படுத்துடுதாம்."

சாருக்கு வந்ததே கோபம்! "ராசியா? என் வீட்டுக்குள்ள வந்து, வேதப் புஸ்தகம் இருக்கிற மேஜைக்கு முன்னால நின்னு என்கிட்டயே ராசி பேசறியா?" என்று போட்ட சத்தத்தில் ஜெயவேலு வாசற்படி வரைக்கும் பின்வாங்கினான். அப்போதுதான் ஏசுதாசன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"அப்பா, நாளைக்கு மட்டும் வராதீங்கப்பா."

அவ்வளவுதான், அவர் குரல் இறங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்ததையே துடைத்தார்.

"சரி, வரல. ராசிக்காக இல்ல, புரிஞ்சுதா? மேட்ச் முடியற வரைக்கும் முழங்கால்ல நின்னு உனக்காக ஜெபம் பண்றேன். அதுக்காக."

"அது போதும் சார்!" என்று ஜெயவேலு கும்பிட்டான். ராசியை வாசல் வழியாகத் துரத்தியவர், அதையே ஜெபம் என்று பெயர் மாற்றிக் கொல்லை வழியாக உள்ளே விட்டுக்கொண்டார். அது அவருக்கும் அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. அவர் மனைவி ரத்தினபாய் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். சார் கதவைச் சாத்திக்கொண்டு முழங்கால்படியிட்டார். சொன்ன சொல் தவறாதவர், ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். ஆனால் மைதானத்துச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. கிண்டிக்காரர்கள் ஒரு தகர டின்னைக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்குப் புள்ளி விழுந்தால் டின் அதிரும். உதடு ஆண்டவரைக் கூப்பிட, காது டின்னிலேயே இருந்தது. டின் ஓயவே இல்லை. கடைசியில் விடாமல் அடித்து, விசிலும் ஊதினார்கள். முதல் ஆட்டம் போய்விட்டது.

'நான் போகலையே!' என்று சார் கண்ணைத் திறந்தார். 'நான் போகாமலே தோத்துட்டானே! அப்ப என்னால இல்ல!'

வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ நாளாக நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது போல அப்படி ஒரு சந்தோஷம்.

சிரிப்பு அடங்குவதற்குள் தலையில் அடித்துக்கொண்டார். 'சண்டாளா! பெத்த பிள்ளை அங்க தோக்கறான், உனக்கு இங்க சிரிப்பா?' மறுபடியும் கண்ணை மூடிப் பார்த்தார். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் நாக்கு புரளவில்லை. அந்தச் சிரிப்போடு அந்த அறையில் தனியாக இருக்க அவரால் முடியவில்லை. துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் ஓடினார்.

மைதானத்துக்குப் பின்னால் பம்ப் ஹவுஸ் இருந்தது. யாரும் போகாத இடம், ஒரே புதர். அதன் மறைவில் நின்று பார்த்தார். ஏசுதாசன் முகம் செத்துப்போயிருந்தது. ஐயோ என்று இருந்தது அவருக்கு. போய்விடலாமா என்று நினைப்பதற்குள் பையன் ஒரு பந்தை வெட்டினான். வெறுங்கையை ஓங்கிவிட்டு, சட்டென்று இறக்கிக்கொண்டார். அதற்கப்புறம் டின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. இரண்டாவது ஆட்டம் நமக்கு. மூன்றாவதும் நமக்கு! ஜனங்கள் உள்ளே ஓடி ஏசுதாசனைத் தோளில் தூக்கியபோது, சார் வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் டீமே கோப்பையோடு வந்துவிட்டது. பின்னாலேயே ரத்தினபாயும் வந்தாள்.

"பாருங்கடா, ஜெபம் பண்ணிப் பண்ணி சாரு எப்பிடி வேர்த்துக் கொட்டிகினு கீறாரு!" என்று ஜெயவேலு கத்தினான். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஏசுதாசன் கோப்பையை வேதப் புஸ்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தான். "ஃபர்ஸ்ட் கேம் போனதும் பயந்துட்டேன்ப்பா. அப்ப நீங்க இங்க முழங்கால்ல நிக்கறத நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் பயமே இல்ல."

முதல் ஆட்டம் போன அந்த நிமிஷத்தில் முழங்காலில் நின்று என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது அவருக்குத்தானே தெரியும்.

"அடுத்த மாசம் செங்கல்பட்டுல ஜில்லா மேட்ச்ப்பா. நீங்க..."

"இங்கயே இருக்கேன்டா" என்றார்.

பசங்கள் போன பிறகு ரத்தினபாய் அவர் காலடியில் உட்கார்ந்து, வேட்டி ஓரத்தில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கி எடுத்தாள். நெருஞ்சி முள்.

"இது ஏது? நம்ம கூடத்துல முளைச்சிருக்கா?"

சார் திருட்டு முழி முழித்தார். அப்புறம் பம்ப் ஹவுஸுக்குப் பின்னால் நின்றதைச் சொன்னார். ரத்தினபாய் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இதுக்கா மூஞ்சி இப்படி இருக்கு? நீங்க நின்னுதானே ஜெயிச்சிருக்கான்! பையன்கிட்ட சொல்லுங்க, ராசியும் போச்சு, பீடையும் போச்சு. செங்கல்பட்டுக்குக் குடையோட போகலாம்."

"சொல்ல முடியாது ரத்தினம்."

"ஏன்? ஜெபத்த விட்டுட்டுப் போனதுக்கா? பிள்ளை ஆட்டத்தப் பார்க்க ஆசையா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அவனுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும்."

"ஆசையில போகல. நான் ஏன் வந்தேன்னு அவன் கேப்பானே." அவர் கோப்பையைப் பார்க்காமல் சொன்னார். "அவன் தோத்த சத்தம் கேட்டுது. முழங்கால்ல நின்னுகிட்டே நான் சிரிச்சேன், ரத்தினம்."