பச்சை மையில் ஒரு சொல்

அப்பாவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று சித்தப்பா கேட்டதும் அவள் அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு விழித்தாள். அவளுக்கு என்ன தெரியும்? அவள் இந்த வீட்டுப் படியேறியே ஆறு வருஷமாகிறது. கைக்கு அகப்பட்ட வெள்ளைச் சட்டையைக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள்.

கூடம் நிறைய அரசு வங்கி ஆட்கள். எங்கெங்கோ இருக்கும் சின்னச் சின்னக் கிளைகளின் மேலாளர்கள், பெற்ற தகப்பன் போனதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. நஷ்டத்தில் ஓடும் கிளைகளை இழுத்து மூடச் சொல்லித் தடிமனாகப் புத்தகம் எழுதிய பொருளாதாரப் பேராசிரியர் அப்பா. அதற்காகவே கூப்பிட்டு வங்கித் தலைவராக்கினார்கள். அவருக்காக இவர்கள் அழுகிறார்களே, இதென்ன கூத்து! மகளுக்கோ கண்ணீர் வருவேனா என்கிறது.

அப்பாவின் உதவியாளர், தலை நரைத்த மனிதர், அலுவலக இழுப்பறையில் இருந்ததை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுவந்திருந்தார். மூக்குக் கண்ணாடி, மாத்திரைகள், அடியில் ஒரு கடிதம். புருஷன் வீட்டிலிருந்து அவள் எழுதியது. 'அவரோடு இனி இருக்க முடியாது. வீட்டுக்கு வந்துவிடட்டுமா அப்பா?' வீட்டுக்குப் போட்டால் சித்தப்பா பிரித்துவிடுவார் என்று அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாள். பதிலே வரவில்லை. வராதே என்பதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டு, வேறு ஊரில் வாடகை அறையில் ஒண்டிக்கொண்டாள். ரோஷம்.

கடித ஓரத்தில் பச்சை மையில் ஒரே சொல்: 'பேசவும்.' கீழே கையெழுத்து, ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி.

"இது என்ன சார்?"

"கோப்புல ஐயா அப்படி எழுதினா, சம்பந்தப்பட்டவங்களுக்கு நான் தகவல் சொல்வேன், அவங்க நேர்ல வந்து பேசணும்மா. ஆபீஸ் வழக்கம்."

"எனக்கு யாரு சொன்னாங்க?"

அவர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். ஐயாவின் இழுப்பறையிலேயே கிடந்துவிட்டதால் இது தன் கண்ணில் படவே இல்லை என்றார். தினமும் சாயங்காலம் கிளம்பும்போது, யாராவது பேச வந்தார்களா என்று ஐயா கேட்பாராம். கிளை மேலாளர்களைப் பற்றித்தான் கேட்கிறார் என்று இவர் நினைத்துக்கொண்டாராம். கிளையை மூடச் சொல்லி வந்த கோப்பு ஒவ்வொன்றிலும் இதே சொல்தானாம்.

"வந்து பேசினவங்க கிளை ஒண்ணக்கூட ஐயா மூடலம்மா."

ஒரு போன் போட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்! பெற்ற மகள் கடிதத்திலும் குறிப்பு எழுதிவிட்டு, வருவாள் வருவாள் என்று காத்திருந்தாராக்கும். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எதை அடக்குவது என்று தெரியாமல் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.

வண்டி வந்துவிட்டது என்று சித்தப்பா உள்ளே வந்தார். "எடுக்கலாமாம்மா?"

"கொஞ்சம் இருங்க சித்தப்பா."

உதவியாளர் எழுந்தார். வங்கியில் யாராவது பேச வந்தால் செய்வதுபோலவே, எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, தானும் போய்ச் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.