மஞ்சள் கட்டம் போட்ட போலிச் சட்டை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இது நான் திருடிய கதை.

கழுத்து வலிக்காக நரம்பு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர், நூறு வருடத்துக்கு முந்தைய வெட்டில் கம்பளிக் கோட்டு. மனைவியைச் சோதனைக்காக உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். "கோட்டு எங்க வாங்கினீங்க?" என்று சும்மா வாயைக் கொடுத்தேன். கேட்டது கோட்டைப் பற்றி, கிடைத்தது இது. எழுதிக்கொள்ளட்டுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

ஆக, உங்கள் கையில் இருப்பது திருட்டுச் சரக்கு. வாங்கியவருக்கும் பாவத்தில் பங்குண்டு.

2

முதல் தொடக்கம்: "அந்த வீட்டின் பதினேழு கடிகாரங்களும் பதினேழு நேரம் காட்ட, அவள் மட்டும்"

அடித்துவிட்டேன். பழைய பொருள் என்றதும் கடிகாரத்தைக் கூப்பிடுவது எழுதுகிறவனின் சோம்பேறித்தனம்.

இரண்டாவது: "முத்துப் பொத்தான் வைத்த கையுறையை அவள் ஒவ்வொரு விரலாகக் கழற்றி..." இதுவும் வேண்டாம். அழகாக இருக்கிறது. அதுதான் சிக்கல்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கோட்டுக்காரர் (தெருவில் அவருக்கு அதுதான் பெயர்) மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். மனைவி முப்பது வருடம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள், டாக்டர்களின் கையெழுத்தையே படித்துக் கரைகண்டவள். இருவருக்கும் ஒரே பித்து, தாங்கள் பிறப்பதற்கு முந்தைய காலம். ஏலத்திலும் பழைய சாமான் கடைகளிலும் அலைந்து வீட்டை நிரப்பினார்கள். சாவி கொடுக்கும் கிராமபோன், கையால் சுற்றும் காப்பிக்கொட்டை அரைவை, சிங்கக்கால் வைத்த சோபா. உடுப்பும் அப்படியே. வாங்கிவந்த துணியில் பூச்சி முட்டை இருந்தால் சாக வேண்டும் என்று பையில் கட்டி இரண்டு வாரம் குளிர்ப்பெட்டியில் உறைய வைப்பார்கள். மகள் ஐஸ்கிரீம் தேடிக் கையை விட்டால் செத்துப்போன யாரோ ஒருவரின் கால்சட்டை வரும்.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் உடுத்திக்கொண்டு கைகோத்து நடப்பார்கள். தெரு சிரிக்கும். "சிரிச்சா சிரிக்கட்டும், அவங்க பல்லுதானே தெரியுது" என்பாள் அவள்.

3

இங்கே ஒரு தவறு நடந்தது. பொல்லாத தவறு இல்லை, இவர்களால் மட்டுமே செய்ய முடிந்த தவறு.

வீட்டை அந்தக் காலமாக்க, தங்கள் காலத்தை வெளியே போட்டார்கள். கல்யாணத்துக்கு வந்த பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆரஞ்சு நிற டேப் ரெக்கார்டர், பாலியஸ்டர் துணிகள், மகளின் நீலத் தொட்டில், எல்லாமே அசிங்கம் என்று மூன்று வண்டி போயிற்று. போன அன்றைக்கு இருவரும் நிம்மதியாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள்.

(இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி என் அலமாரியைப் பார்த்தேன். எவருடைய தாத்தாவோ தொட்டெழுதிய வெண்கல மைக்கூடு இருக்கிறது. என் அப்பாவின் பேனா எங்கே போயிற்றென்று தெரியவில்லை. சரி, கதைக்கு வருகிறேன்.)

பிறகு அவளுக்கு மறதி வந்தது. முதலில் மருந்துகளின் பெயர், அப்புறம் மகளின் பெயர். ஒரு நாள் சோபாவின் ஓரத்தில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ட அழகா வச்சிருக்கீங்க. ரொம்ப நேரம் உக்காந்துட்டேன். கிளம்பறேன், எங்க வீட்டுக்காரர் தேடுவாரு."

"நான்தாம்மா அது."

"அப்படியெல்லாம் பேசாதீங்க" என்று கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அதன்பின் தினமும் கிளம்பினாள்.

மருத்துவர் சொன்னார்: "அவங்க சின்ன வயசுல புழங்கின சாமான் எதாவது கண்ணுல படற மாதிரி வைங்க. அந்தப் பழசுதான் இனிமே அவங்களுக்கு நிக்கும்."

எங்க வீட்ல பழசுக்கா பஞ்சம் என்று சொல்ல வாயெடுத்த கோட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். வீடு நிறைய ஊரார் பழசு. தங்களுடையதென்று ஒரு கரண்டி கூட இல்லை.

4

பழைய சாமான் கடைக்காரர் சிரித்தார். "ஆரஞ்சு டேப் ரெக்கார்டரா? இதையெல்லாம் குப்பைன்னு சொல்லி என்னைத் திட்டினவரே நீங்கதான் சார். இன்னும் நாப்பது வருஷம் போகட்டும், அப்ப வாங்க."

நாற்பது வருடம் எங்கே இருக்கிறது? அவள் சாப்பிடக்கூட மறக்க ஆரம்பித்திருந்தாள்.

மகள்தான் தொலைபேசியில் சொன்னாள். "நான் பொறக்கறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஒண்ணு எங்கிட்ட இருக்குப்பா. நீங்க மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, யானைக்காது காலர்." கூடவே சொன்னாள்: "நீங்க ரெண்டு பேரும் எங்க அப்பா அம்மா மாதிரி இருக்கறது அந்தப் படத்துல மட்டுந்தான்."

அவர் படத்தை அனுப்பச் சொன்னார்.

தையலைத் தடவியே அசலா போலியா என்று சொல்லிவிடுகிறவர் அவர். பழைய மோஸ்தரில் புதிதாகத் தைத்துப் போடுகிறவர்களோடு பேசக்கூட மாட்டார். அப்படிப்பட்டவர் தையல்காரரிடம் படத்தைக் காட்டி, அச்சு அசலாக இதேபோல் ஒன்று வேண்டும் என்றார்.

"எதுக்கு சார், நாடகத்துக்கா?"

"ஆமா."

[தையல்காரருக்கு இங்கே ஒரு பத்தி நீளத்துக்குத் தத்துவம் பேசக் கொடுத்திருந்தேன். பாவம், அளவெடுக்க வந்தவர். நீக்கிவிட்டேன்.]

5

சட்டை வயிற்றில் இறுக்கியது. தலைக்குச் சாயம் பூசலாமா என்று யோசித்து, கூச்சப்பட்டு விட்டுவிட்டார். காலை பதினோரு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு அவள் எதிரில் போய் நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கைப்பை மடியிலிருந்து விழுந்தது.

"வந்துட்டீங்களா!" எழுந்து வந்து காலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லாம எங்க போய்த் தொலைஞ்சீங்க? நான் எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன் தெரியுமா?" அவர் நெஞ்சில் குத்தினாள், அழுதாள், மூக்கை அந்தச் சட்டையிலேயே துடைத்தாள். அவரும் அழுதார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு மனைவி அவரைத் தொடுகிறாள்.

"வா, வீட்டுக்குப் போகலாம்" என்றார். எங்கே என்று அவருக்கே தெரியாது.

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தவள் நின்றாள்.

"இருங்க. இந்த வீட்ல கோட்டுப் போட்ட பெரியவர் ஒருத்தர் இருக்காரு. பாவம், தனியாள். இத்தனை நாளும் சாப்பாடு ஊட்டி, தலை சீவிவிட்டு, எல்லாம் அவர்தான். ஒரு நாள்கூட முகஞ்சுளிக்கல. சொல்லாமப் போனா மனசு கேக்காதுங்க. போய்க் கூட்டிட்டு வாங்க, நீங்களும் ரெண்டு வார்த்தை நன்றி சொல்லுங்க."

6

இந்த இடத்தில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் நாற்காலி காலி. மிச்சத்தை நானே எழுத வேண்டியதாயிற்று.

அவர் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு பெரியவராக வந்து நின்றதாக எழுதினேன். அவள் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு, "எங்க அவரு? இப்பதானே வந்தாரு?" என்று தேட ஆரம்பித்தாள். கிழித்துப் போட்டேன்.

பெரியவர் வெளியே போயிருப்பதாக அவரைச் சொல்ல வைத்தேன். "அப்ப அவர் வர்ற வரைக்கும் இருந்து சொல்லிட்டே போவோம்" என்று திரும்ப உட்கார்ந்துவிட்டாள்.

நான்தான் அந்தப் பெரியவர் என்று சொல்ல வைத்தேன். அவள் கை காலரிலிருந்து

இல்லை, என்னால் முடியாது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் எனக்கு அழுகை வந்தது. திருடியதற்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் வாசலில்தான் நிற்கிறாள், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. கோட்டு உள்ளறையில் தொங்குகிறது. அவர் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள், அவளால் ரொம்ப நேரம் எதையும் நினைவில் வைத்திருக்க முடியாது.