ஆடாமல் பிடித்த வண்டி

வருடா வருடம் நீண்ட விடுமுறை வந்தால் நானும் மனைவியும் பைக் கண்காட்சிக்குப் போவோம். அவள் குள்ளம், நான் இரண்டு காலையும் ஊன்றி வண்டியை ஆடாமல் பிடித்தால்தான் இறங்குவாள். ஒருமுறை ஆட்டிவிட்டேன், கூட்டத்தில் மானத்தை வாங்கிவிட்டாள்.

அவள் என்னைப் பிரிந்து போய் எட்டு மாதம் ஆகிறது. தனியாகப் போனால் குடியா முழுகிவிடும் என்று வீம்புக்கு இந்த வருடமும் கிளம்பினேன். வழிநெடுக வேகமாக ஓட்டினேன். மெதுவாகப் போகச் சொல்லி முதுகில் குத்த ஆளில்லை.

கண்காட்சி வாசலில் வண்டியை நிறுத்தினேன். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"என்னண்ணே, காலை ஊனிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கீங்க? வழி விடுங்க," என்றார் பார்க்கிங்காரர்.

"கொஞ்சம் இருப்பா, அவ இறங்க வேண்டாமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். நான் திரும்பவில்லை, வண்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.